எந்தக் கதவு திறக்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிறுநீரகக் கற்களைப் பற்றி எழுதியபோது, சிஸ்டின் கல்லுக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றியவை. அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்: புரதத்தின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்களை உடம்புக்குள் கடத்தும் மரபணுக்களும், அவற்றில் பிழை வந்தால் பரம்பரையாக வரும் நோய்களும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இது மூன்றாவது கல். இந்த முறைதான் கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், 'சிஸ்டின்' என்று வந்திருக்கிறது. பரம்பரை நோய் என்கிறார்கள். என் வீட்டிலும் சரி, கணவர் வீட்டிலும் சரி, யாருக்கும் கல் வந்ததில்லை. அப்புறம் எப்படிப் பரம்பரை? ஒழுங்காகத் தண்ணீர் குடிக்காததால்தான் வருகிறது என்று இத்தனை நாளும் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் தண்ணீர் குடிக்காததால் வந்த நோய் இல்லை இது. அவன் வகுப்பில் அவனைவிடக் குறைவாகக் குடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்கு இந்தக் கல் வராது. இதை அவனிடமும் சொல்லிவிடுங்கள்.

நம் சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அந்த நீரோடு அமினோ அமிலங்களும் வடிந்து வந்துவிடும். அவை உடம்புக்கு வேண்டியவை, வீணாக விடமுடியாது. அதனால் சிறுநீரகக் குழாய்களின் சுவரில் இருக்கும் செல்கள் அவற்றில் 95 சதவீதத்துக்கும் மேல் பிடித்து மறுபடி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இப்படிப் பிடித்து இழுக்கிற வேலைக்கென்றே செல்லின் மேற்பரப்பில் தனிப் புரதங்கள் உண்டு. பாடப் புத்தகத்தில் டிரான்ஸ்போர்ட்டர் என்று இருக்கும், நாம் கதவு என்று வைத்துக்கொள்வோம். எல்லா அமினோ அமிலமும் ஒரே கதவு வழியாகப் போவதில்லை, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கதவு.

உங்கள் மகனிடம் பழுதாகியிருப்பது சிஸ்டின், ஆர்னிதின், லைசின், அர்ஜினின் என்ற நான்கு அமினோ அமிலங்களும் நுழைகிற கதவு. அது இரண்டு புரதங்கள் சேர்ந்தது. ஒன்று கதவு, மற்றது அந்தக் கதவைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற சட்டம் மாதிரி. கதவுக்கான மரபணு எஸ்எல்சி7ஏ9, 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சட்டத்துக்கான மரபணு எஸ்எல்சி3ஏ1, 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டில் எது கெட்டாலும் சிஸ்டின் திரும்பிப் போக வழியில்லாமல் சிறுநீரிலேயே தங்கிவிடும். நோயின் பெயர் சிஸ்டினூரியா, ஏறக்குறைய 7,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

யாருக்கும் இல்லாமல் எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நல்லதாக இருந்தாலே கதவு பெரும்பாலும் போதுமான அளவு வேலை செய்துவிடும். உங்களிடம் ஒரு பழுது, கணவரிடம் ஒரு பழுது. இரண்டு பேருக்கும் கல் வராததால் யாருக்கும் தெரியவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வந்திருக்கும். இரண்டு பழுதும் ஒன்றாக வந்து சேர்ந்தது இவனிடம்தான்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. இதை ஒரு தாளில் எழுதி அவனையே போடச் சொல்லுங்கள், திட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். சாதாரணமாக ஒருவர் சிறுநீரில் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் சிஸ்டின் போகும். சிஸ்டினூரியா உள்ளவர்களுக்கு 400, 700, சிலருக்கு 1,000 மில்லிகிராம் கூடப் போகும். ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 250 மில்லிகிராம் சிஸ்டின்தான் கரையும், அதற்கு மேல் போனால் படிகமாகிவிடும். அவனுக்கு ஒரு நாளைக்கு 750 மில்லிகிராம் போகிறது என்றால் 3 லிட்டர் சிறுநீர் வந்தாக வேண்டும். கவனியுங்கள், 3 லிட்டர் குடிப்பது இல்லை, 3 லிட்டர் வெளியே வருவது. வியர்வையில் போவதையும் சேர்த்து அதற்கு மேல் குடிக்க வேண்டும். அவனுக்கு எவ்வளவு போகிறது என்பதை 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பார்த்தால்தான் தெரியும், அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பகலில் மட்டும் குடித்தால் போதாது. இரவில் சிறுநீர் கெட்டியாகும், பெரும்பாலான படிகங்கள் அந்த நேரத்தில்தான் உருவாகும். படுக்கப்போகும் முன் ஒரு முறை, நடு இரவில் எழுந்து ஒரு முறை குடிக்கச் சொல்வது இதனால்தான். 14 வயதுப் பிள்ளைக்கு இது கொடுமையான வேலை. பள்ளியில் அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் நிறையப் பிள்ளைகள் தண்ணீரைத் தவிர்ப்பது சோம்பலால் இல்லை, வகுப்பில் எழுந்து நின்று கேட்கிற கூச்சத்தால்.

உப்பைக் குறைத்தால் சிறுநீரில் போகும் சிஸ்டினும் குறையும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றினால், அதாவது பிஎச் அளவை 7க்கு மேல் வைத்தால், சிஸ்டின் கூடுதலாகக் கரையும். இவை போதாவிட்டால் டியோப்ரோனின், பெனிசிலமைன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சிஸ்டின் என்பது, சிஸ்டீன் (பெயர் கிட்டத்தட்ட ஒன்று, பொருள் வேறு) என்ற அமினோ அமிலம் இரண்டு கைகோத்து நிற்பது. இந்த மருந்துகள் நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிரித்து, ஒரு சிஸ்டீனைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். அப்படி உருவாகிற புது ஜோடி எளிதில் கரைந்துவிடும். பக்க விளைவுகள் உண்டு, இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை.

ஒரே ஒரு ஆதங்கம். முதல் கல்லையே ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அடுத்த இரண்டையும் தடுக்க முயன்றிருக்கலாம். குழந்தைக்குக் கல் வந்தால் அது எந்த வகைக் கல் என்று பார்க்காமல் விடவே கூடாது. கல் கிடைக்காவிட்டாலும் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்க்கலாம். மாணவனாக இருந்தபோது நான் அதை முதன்முதலாகப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது: காலையில் எடுத்த சிறுநீரின் அடியில் தங்கியதை ஒரு சொட்டுக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால், நிறமே இல்லாத மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் அளந்து வெட்டியது போல ஆறு பக்கம், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சிறுநீரில் அந்த அறுகோணத்தைப் பார்த்துவிட்டால் அநேகமாகச் சந்தேகமே வேண்டாம்.

உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால், கல் வரும் வரை காத்திருக்காமல் அவர்கள் சிறுநீரையும் இப்போதே பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: சிஸ்டின் என்று இணையத்தில் தேடினால் கண்ணில் படிகம் படியும், பத்து வயதில் சிறுநீரகம் செயலிழந்துவிடும் என்றெல்லாம் வருகிறது. பயமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. நீங்கள் படித்தது சிஸ்டினோசிஸ் பற்றி. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, படிகமாகும் பொருளும் ஒன்று, ஆனால் நோய் வேறு. சிஸ்டினூரியாவில் பழுது செல்லின் மேற்பரப்புக் கதவில். சிஸ்டினோசிஸில் பழுது செல்லுக்கு உள்ளே, லைசோசோம் என்கிற சின்னப் பைகளின் கதவில். பழைய புரதங்களை உடைக்கிற இடம் அது. உடைத்தபின் மிஞ்சும் சிஸ்டின் அந்தப் பையை விட்டு வெளியே வர ஒரு கதவு வேண்டும், அதற்கான மரபணு சிடிஎன்எஸ், 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1998இல் கண்டுபிடித்தார்கள். அது வேலை செய்யாவிட்டால் சிறுநீரகம், கண், தைராய்டு என்று உடம்பெங்கும் பைக்குள்ளேயே சிஸ்டின் தேங்கும். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே வளர்ச்சி நின்று, விடாமல் தாகம், விடாமல் சிறுநீர் என்று தொடங்கிவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் நீங்கள் படித்த அந்தப் பத்து வயதுக் கணக்கு உண்மைதான்.

ஆனால் சிகிச்சை இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த சிகிச்சைகளில் ஒன்று. சிஸ்டியமின் என்ற மருந்து லைசோசோமுக்குள் போய் சிஸ்டினை உடைத்து, ஒரு பாதியோடு தான் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய உருவம் லைசினைப் போல இருப்பதால், லைசின் வெளியேறுகிற கதவு அதை லைசின் என்று எண்ணி வெளியே விட்டுவிடுகிறது. பூட்டிய கதவை மருந்து தொடவே இல்லை, பக்கத்துக் கதவால் சரக்கை வெளியேற்றிவிடுகிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு ஆண்டுகள் சிறுநீரகம் தாங்கும். கண்ணுக்குத் தனியாகச் சொட்டு மருந்து உண்டு, விழுங்கும் மருந்து கருவிழிக்குப் போய்ச் சேராது.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் பழையது. 1810இல் வொலாஸ்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த ஒரு கல்லில்தான் இந்தப் பொருளைக் கண்டார். பைக்குக் கிரேக்கத்தில் கிஸ்டிஸ். அந்தச் சொல்லிலிருந்து சிஸ்டின் வந்து, அதிலிருந்து இரண்டு நோய்க்கும் பெயர் வந்தது. மருத்துவர் பேசும்போது 'சிஸ்டினூரியா' என்றாரா, 'சிஸ்டினோசிஸ்' என்றாரா என்று ஒரு முறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டினூரியாவில் லைசின், அர்ஜினினும் சேர்ந்து போகிறது என்றால் சத்துக் குறைபாடு வராதா? அமினோ அமிலப் பவுடர் ஏதாவது கொடுக்கலாமா?

வேண்டாம். நியாயமான சந்தேகம், ஏனென்றால் அதே கதவு குடலிலும் இருக்கிறது, அங்கேயும் அது வேலை செய்யாது. ஆனால் நாம் சாப்பிடும் புரதம் முழுவதும் தனித்தனி அமினோ அமிலமாக உடைந்த பிறகுதான் உள்ளே போகிறது என்றில்லை. இரண்டு மூன்று சேர்ந்த துண்டுகளாகவும் போகும். அந்தத் துண்டுகளுக்கு வேறு கதவு, அது இவர்களுக்கு நன்றாகவே திறக்கிறது. லைசின் அந்த வழியில் வந்து சேர்ந்துவிடும். கல்லாகப் படிவது நான்கில் சிஸ்டின் மட்டும்தான், மற்ற மூன்றும் கரைந்து போய்விடுகின்றன. வளரும் பிள்ளைக்குப் புரதத்தைப் பெரிதாகக் குறைக்கவும் கூடாது.

கேள்வி: என் அக்கா மகளுக்கு இரண்டு வயது. தாய்ப்பால் குடித்த வரை நன்றாக இருந்தாள். இப்போது முட்டை, இறைச்சி, பருப்பு எதைக் கொடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். கட்டாயப்படுத்தி ஊட்டினால் வாந்தி, அப்புறம் எழுப்ப முடியாத தூக்கம். எடையும் ஏறவில்லை. அடம் என்கிறார்கள். இதுவும் நீங்கள் எழுதிய மாதிரி ஏதாவதா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதை ஒதுக்கி வைத்துவிட்டேன். முதலில் ஊட்டுவதை, அதாவது கட்டாயப்படுத்தி ஊட்டுவதை, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போகட்டும், வாந்திக்குப் பிறகு எழுப்ப முடியாமல் தூங்கினால் அன்றே, அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சாப்பிட மறுக்கிற பிள்ளைகள் ஏராளம், பெரும்பாலும் அது வயதுக்கு உரிய குணம்தான். ஆனால் புரதத்தை மட்டும் மறுப்பது, சாப்பிட்டதும் வாந்தி, பின்னால் மந்தமான தூக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் இரத்தத்தில் அம்மோனியா பார்த்தே ஆக வேண்டும். இப்படிச் செய்யக்கூடிய நோய்கள் பல. அதில் நம் விஷயத்துக்குள் வருவது லைசினூரிக் புரோட்டீன் இன்டாலரன்ஸ் என்கிற அரிய நோய்.

1965இல் ஃபின்லாந்து மருத்துவர்கள்தான் இதை முதலில் விவரித்தார்கள், அங்கே சுமார் 60,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஜப்பானிலும் தெற்கு இத்தாலியிலும் அதிகம், மற்ற இடங்களில் அபூர்வம். மரபணு எஸ்எல்சி7ஏ7, 1999இல் தெரியவந்தது.

இதிலும் லைசின், அர்ஜினின், ஆர்னிதின்தான் சிக்கல். அதே மூன்று, ஆனால் சிஸ்டினூரியாவில் சத்துக் குறையவில்லை, இங்கே குழந்தை படுத்துவிடுகிறது. ஏன்? குடல் செல்லுக்கு இரண்டு பக்கம், உணவைப் பார்த்த பக்கம் ஒன்று, இரத்தத்தைப் பார்த்த பக்கம் ஒன்று. சிஸ்டினூரியாவில் மூடியிருப்பது உணவுப் பக்கத்துக் கதவு, துண்டுகளாகச் சுற்றி வந்து உள்ளே நுழைந்துவிடலாம். இந்த நோயில் மூடியிருப்பது இரத்தப் பக்கத்துக் கதவு. எந்த வழியில் உள்ளே வந்தாலும், துண்டாக வந்தாலும், செல்லுக்குள்ளே உடைந்து தனி லைசினாகிவிடும், அப்புறம் வெளியேற வழியில்லை. ஒரே செல், ஒரே அமினோ அமிலங்கள், பழுது எந்தப் பக்கம் என்பதுதான் நோயையே மாற்றிவிடுகிறது.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்றால், புரதம் செரித்தால் மிஞ்சும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது, அந்த வேலை ஓட ஆர்னிதினும் அர்ஜினினும் வேண்டும். அவை வந்து சேரவில்லை, வேலை தேங்குகிறது, அம்மோனியா ஏறுகிறது, மூளை மந்தமாகிறது. தாய்ப்பாலில் புரதம் குறைவு என்பதால் அது வரை தாங்கியிருக்கும். குழந்தை அந்த உணவை வெறுப்பது தன் உடம்பு கற்றுக் கொடுத்ததால். (சிட்ரின் குறைபாடு என்று இன்னொரு நோய் உண்டு, மரபணு எஸ்எல்சி25ஏ13, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் கதவு. அதில் நேர்மாறு: இனிப்பையும் மாவுச்சத்தையும் ஒதுக்கிவிட்டு வேர்க்கடலை, பருப்பு வகை என்று தேடிப் போவார்கள். அங்கேயும் அந்த விருப்பம்தான் அவர்களைக் காப்பாற்றுகிறது.)

மருத்துவரிடம் ஒன்று சொல்ல மறக்க வேண்டாம். வெறும் வயிற்றில் எடுத்தால் அம்மோனியா சரியாகவே இருக்கலாம். அறிகுறி எப்போது வருகிறது, எதைச் சாப்பிட்ட பிறகு வருகிறது என்பதை ஒரு வாரக் குறிப்பாக எழுதிக் கொண்டுபோகட்டும். சிறுநீரிலும் இரத்தத்திலும் அமினோ அமில அளவு பார்ப்பார்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் புரதத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

இந்த நோய்தான் என்று உறுதியானால் புரதத்தை அளந்து கொடுத்து, கூடவே சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தையும் கொடுப்பார்கள். சிட்ருலின் வேறு கதவு வழியாகப் போகிறது, உள்ளே போய் அர்ஜினினாகவும் ஆர்னிதினாகவும் மாறிக்கொள்கிறது. மறுபடி பக்கத்துக் கதவுதான். எலும்பு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: ஹார்ட்னப் நோய்க்கும் கொரோனா வைரஸ் நுழைகிற ஏசிஇ2 புரதத்துக்கும் தொடர்பு உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

உண்மை. ஹார்ட்னப் நோயில் டிரிப்டோஃபான் உட்பட நடுநிலை அமினோ அமிலங்களின் கதவு பழுது, மரபணு எஸ்எல்சி6ஏ19, 2004இல் கண்டறிந்தார்கள். இந்தக் கதவு தனியாக நிற்காது. குடலில் அதைச் செல் மேற்பரப்பில் தாங்கிப் பிடிப்பது ஏசிஇ2, சிறுநீரகத்தில் அந்த வேலையைச் செய்வது கொலெக்ட்ரின் என்ற உறவுக்காரப் புரதம். சட்டமும் கதவும் என்று மேலே சொன்னேனே, அதே ஏற்பாடுதான் இங்கேயும்.

1956இல் லண்டனில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதை விவரித்தார்கள், அந்தக் குடும்பப் பெயரே நோயின் பெயரானது. டிரிப்டோஃபானிலிருந்து உடம்பு நியாசின் என்ற வைட்டமினைத் தயாரித்துக்கொள்கிறது, அது குறைந்தால் வெயில் படும் தோலில் தடிப்பும், சிலருக்கு நடையில் தள்ளாட்டமும் வரும். அதே வைட்டமினின் இன்னொரு வடிவமான நிகோட்டினமைடு கொடுத்தால் சரியாகிவிடும். இந்த மரபணுப் பிழை உள்ளவர்களில் பெரும்பாலோர் நன்றாகச் சாப்பிடுவதால் எந்தத் தொந்தரவும் இல்லாமலே வாழ்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பிறந்து ஒரு மாதமான குழந்தையின் சிறுநீரில் புரோலின், கிளைசின் அதிகம் என்று அறிக்கை வந்திருக்கிறது.

பச்சிளம் குழந்தைக்கு அந்தக் கதவுகள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. முதல் சில மாதங்களுக்கு இது இயல்பு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். அதன் பிறகும் தொடர்ந்தால் இமினோகிளைசினூரியா என்று பெயர், அதுவும் தீங்கில்லாத பரம்பரைக் குணம்தான். வேறு அறிகுறி எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு சிஸ்டினூரியா. எனக்கு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. எனக்குத் திருமணம் பேசுகிறார்கள். என் குழந்தைக்கு வருமா?

கணக்காகவே பார்ப்போம். உங்களுக்கு நோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால், நீங்கள் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. உறவில்லாத ஒருவரை மணந்தால் அவரும் சுமப்பவராக இருக்க ஏறக்குறைய 40இல் ஒரு வாய்ப்பு. இருவரும் சுமந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புதான். மூன்றையும் பெருக்கினால் 240இல் ஒன்று. இரண்டு வெவ்வேறு மரபணுக்கள் இருப்பதால் உண்மையில் அதைவிடவும் குறைவு.

அவர் உங்கள் அம்மா அல்லது அப்பாவின் உடன்பிறந்தவருடைய பிள்ளை என்றால் கணக்கு மாறிவிடும். உங்கள் பெற்றோர் இருவருமே சுமப்பவர்கள் என்பது தம்பியைப் பார்த்தே தெரிகிறது. அதனால் அந்த உறவுக்காரர் அதே பழுதைச் சுமக்க நான்கில் ஒரு வாய்ப்பு, பெருக்கினால் 24இல் ஒன்று. பத்து மடங்கு அதிகம்.

வீட்டில் சொல்லத் தயங்கிக்கொண்டு தனியாக இதைச் சுமக்க வேண்டாம். முதலில் தம்பிக்கு மரபணுப் பரிசோதனை செய்து எந்த மரபணுவில் எந்தப் பிழை என்று தெரிந்துகொண்டால், உங்களிடம் அந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும். எஸ்எல்சி7ஏ9 என்று வந்தால் இன்னொரு காரணத்துக்காகவும் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த மரபணுவில் ஒரு பழுது மட்டும் சுமப்பவர்களுக்கும் பல நேரம் சிறுநீரில் சிஸ்டின் கொஞ்சம் கூடுதலாகப் போகும், சிலருக்குக் கல்லும் வரும். அப்படியென்றால் உங்கள் தம்பியோடு சேர்ந்து நீங்களும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்.